தன்னைக் கட்டிப்போடச் சொன்ன சவுக்கு வியாபாரி

சட்ட வரைவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதப்போகும் எதையும் யாரும் ரசித்துப் படிக்கப்போவதில்லை. கல்யாணப் பத்திரிகை எழுதுகிறவனுக்குக்கூட "நல்லா வந்திருக்கு" என்று ஒரு வார்த்தை கிடைக்கும். நமக்கு அதுவும் கிடையாது. நாம் எழுதியதை ஒருவர் உற்றுப் படிக்கிறார் என்றால், ஒன்று அவர் மாட்டிக்கொண்டிருக்கிறார், இல்லாவிட்டால் நழுவப் பார்க்கிறார் என்று அர்த்தம். முப்பது வருடத்துக்கு மேல் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாகவும் ஓர் ஆள் உண்டு என்று எனக்குத் தெரிந்தது ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால்தான். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். அறிவுரை வேண்டாம் என்கிறவர்கள் கதையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

அப்போது எங்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் என்னைவிட வயதில் இளையவர். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவ்வளவுதான். பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் மேடம் என்றே வைத்துக்கொள்வோம். அவர் வந்து சேர்ந்த அன்று, "இந்தச் சின்னப் பொண்ணுக்கா நான் வணக்கம் சொல்லணும்" என்று வீட்டில் முணுமுணுத்தேன். அடுத்த மாதமே "மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா" என்று நான் ஆரம்பித்தால் என் மனைவி டிவி சத்தத்தைக் கூட்டிவைக்க ஆரம்பித்துவிட்டாள். அப்படி ஒரு மூளை அவருக்கு.

அவரிடம் ஒரு வேலைமுறை இருந்தது. எந்தப் பிரிவை எழுதி முடித்தாலும் எங்களில் ஒருவர் ஏமாற்றுக்காரனாக மாறி அதைப் படிக்க வேண்டும். எந்தச் சந்தில் நுழைந்து தப்பிக்கலாம் என்று தேட வேண்டும். சந்து அகப்பட்டால் அதை அடைத்துவிட்டு மறுபடி படிக்க வேண்டும். பெரும்பாலும் அந்த வேஷம் எனக்குத்தான். "நியாயமான காலத்துக்குள் பொருளை ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரு முறை எழுதியிருந்தோம். "என் நியாயப்படி என் பேரன் கல்யாணத்துக்கு அப்புறம் தர்றேன்" என்றேன். எனக்கு அப்போது பேரனே கிடையாது. மேடம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அந்த வரியை அடித்து எழுதினார். இந்த முறையில் எழுதிய பிரிவுகளில் ஓட்டை கண்டுபிடிக்க வக்கீல்கள் திணறினார்கள். எங்களுக்கு அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒப்பந்தச் சட்டத்தைத் திருத்தித் தெளிவாக்க ஒரு மசோதா தயாரிக்கும் வேலை வந்தது. பழைய சட்டம் ஒன்றும் மோசமில்லை. நூறு வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி. ஆனால் கல்யாண மண்டபம், ரிசார்ட் என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளை முடக்குகிறவர்களுக்கு அதில் பதில் இல்லை. புயல் வெள்ளம் வந்தால் நஷ்டம் யாருக்கு என்பதும் கோர்ட்டுக்குக் கோர்ட் வேறாக இருந்தது. வாய்ப்பேச்சாக முடிந்த ஒப்பந்தமும் இப்போதைய சட்டத்தில் செல்லும். ஆனால் அதை நிரூபிக்க நாய் படாத பாடு படவேண்டும்.

பதினோராம் பிரிவு மேடத்தின் செல்லப்பிள்ளை. நிலத்தில் நிற்கும் மரத்தையோ பயிரையோ விற்கும் ஒப்பந்தம், எழுத்தில் இருந்து இரு தரப்பும் கையெழுத்திட்டிருந்தால்தான் செல்லும் என்பது அது. ஏற்கெனவே பேசி இன்னும் அறுவடை முடியாத ஒப்பந்தங்களுக்கும் அது பொருந்தும் என்று கீழே ஓர் உட்பிரிவு. மேடம் அச்சரப்பாக்கத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வாய்ப்பேச்சை நம்பி வெள்ளாமையைக் கொடுத்துவிட்டு, "நான் எப்ப சொன்னேன்?" என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். அந்தப் பிரிவை நான் ஏமாற்றுக்காரனாக எத்தனையோ முறை படித்தேன். ஓர் ஊசி நுழைய இடமில்லை.

வரைவை இணையத்தில் போட்டுவிட்டு, மக்களிடம் கருத்துக் கேட்க ஊர் ஊராகப் போனோம். கடைசிக் கூட்டம் மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு ஹோட்டல் ஹாலில். மார்கழி மாதக் காற்று போதாதென்று ஏசியையும் போட்டுவைத்திருந்தார்கள். செங்கல்பட்டிலிருந்து வக்கீல்கள் வந்திருந்தார்கள். ரிசார்ட்காரர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அணுபுரத்திலிருந்து வந்த ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவர் முற்றுப்புள்ளி வரை சந்தேகம் கேட்டு எங்கள் உயிரை எடுத்தார். ஆனால் பதினோராம் பிரிவு வந்ததும் ஹால் முழுக்கக் கைதட்டல். "விவசாயிகளைக் காப்பாத்தற பிரிவு" என்று ஒரு மூத்த வக்கீல் எழுந்து நின்று சொன்னார். மேடம் முகத்தில் அவரால் மறைக்க முடியாத ஒரு சந்தோஷம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

"வேற யாராவது?" என்று கேட்டபோது கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் ஹெல்மெட். செய்யூரிலிருந்து பைக்கிலேயே வந்திருக்கிறார். பெயர் ஜப்பார் என்றார். தம்பிகள் இரண்டு பேரோடு கூட்டாகச் சவுக்குக் கட்டை டிப்போ வைத்திருப்பதாகச் சொன்னார். தோப்பை நிற்கிற நிலையிலேயே விலை பேசி, வெட்டி, சாரம் கட்டுகிறவர்களுக்கும் காகித ஆலைக்கும் அனுப்புகிற வியாபாரம்.

"மேடம், நான் ஒரு தோப்பு பேசி வச்சிகீறேன். எங்க ஊர் பக்கம் வேதவல்லியம்மான்னு ஒருத்தவங்க தோப்பு. பேச்சு முடிஞ்சி மொத மரம் சாச்சாச்சி. அடுத்த வாரமே புயலு. பாதி தோப்பு படுத்துக்கிச்சி."

"முதல் மரம்னா?" என்று மேடம் கேட்டார்.

"எங்க பக்கம் எழுதறதுலாம் கெடையாது மேடம். பேச்சு முடிஞ்ச அன்னிக்கே ரெண்டு பேரும் தோப்புக்குப் போவோம். வாங்கறவன் ஒரு மரத்த வெட்டுவான். விக்கறவங்க அத வரப்பு தாண்டி இழுத்துப் போடுவாங்க. அவ்ளோதான், முடிஞ்சிச்சி. அப்பறம் வானமே இடிஞ்சி வுழுந்தாலும் தோப்பு வாங்கனவனுது."

"அப்ப புயல்ல விழுந்தது யார் நஷ்டம்?"

"என்துதான். அதுல பேசறதுக்கு இன்னா கீது?"

ஹாலில் லேசான சிரிப்பு. மேடமும் புன்னகைத்தார். "அப்புறம் என்ன பிரச்சினை?"

ஜப்பார் பாய் ஹெல்மெட்டைக் கை மாற்றிப் பிடித்தார். "தம்பிங்கதான் மேடம். உங்க சட்டத்த போன்ல பட்ச்சிட்டானுங்க. 'எழுத்து இல்லன்னா செல்லாதாம், பழைய பேச்சுக்கும் சேத்துதானாம். நீ எதுலயும் கையெழுத்து போட்டுடாத, கம்முனு இரு. சட்டம் வந்ததும் அந்தம்மாகிட்ட கைய விரிச்சிடலாம்'ன்றானுங்க. முடியாது, நான் எடுத்துக்கறேன்னு சொன்னேன். 'அப்ப டிப்போவ பிரி, நாங்க தனியா போறோம்'ன்றானுங்க. எங்க அத்தா போனப்பறம் அவனுங்கள தூக்கி வளத்தவன் நானு. இப்ப வூட்ல பேச்சுவார்த்தையே இல்ல."

"நீங்க என்ன எதிர்பாக்கறீங்க?"

"வாயால பேசனதும் செல்லும்னு எழுதிடுங்க மேடம். நான் நெனச்சாலும் தப்பிக்க முடியக் கூடாது. என்னக் கட்டிப் போட்ருங்க."

இந்த முறை சிரிப்பு பலமாகவே எழுந்தது. சட்டத்திலிருந்து விலக்குக் கேட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். என்னைச் சட்டத்துக்குள் தள்ளிப் பூட்டுங்கள் என்று கேட்டு வந்த முதல் ஆள் அவர்தான். பதினோராம் பிரிவைப் பாராட்டிய அதே மூத்த வக்கீல் தன்மையாகவே சொன்னார்: "பாய், நீங்க வாங்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லலியே. இஷ்டப்பட்டா தாராளமா எடுத்துக்கங்க."

"இஷ்டப்பட்டா எடுத்துக்கோன்னா நான் இளிச்சவாயன் சார். எடுத்துத்தான் ஆவணும்னா நான் யாவாரி" என்றார் ஜப்பார் பாய்.

மேடம் எந்தக் கேள்விக்கும் சட்டென்று பதில் சொல்கிறவர். அன்று, "தோப்பு எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டார். கூட்டம் முடிந்ததும் ஹோட்டல்காரர்கள் பிரியாணி போட்டு வைத்திருந்தார்கள். அதன் வாசனையைத் தாண்டித்தான் நாங்கள் காருக்குப் போனோம். தியாகம் என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

பாயின் பைக் முன்னால், எங்கள் கார் பின்னால். கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுப் பாலம் ஏறும்போது மேடம் வரைவை எடுத்து மடியில் விரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பதினொண்ணை எத்தனை தடவை படிச்சோம்?"

"கணக்கே இல்லை மேடம்."

"எல்லாத் தடவையும் ஏமாத்துக்காரனாத்தானே படிச்சோம்? ஒரு தடவையாவது சொன்ன சொல்லைக் காப்பாத்த நினைக்கிறவனா படிச்சோமா?"

"இல்லை மேடம்" என்றேன். அப்படி ஒருவன் சட்டப் புத்தகத்தைத் திறப்பான் என்றே நாங்கள் யாரும் நினைத்ததில்லை. நல்லவனுக்கு எதற்குச் சட்டம் என்று விட்டுவிட்டோம். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய வியாதி இது. பார்க்கிறவன் எல்லாம் நழுவப் பார்க்கிறான் என்று பழகிப்போய்விடுகிறது.

தோப்பில் பாதி மரங்கள் நின்றன. மீதி எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, வேரோடு பெயர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வேதவல்லியம்மா வரப்பில் நின்றிருந்தார். கணவர் இல்லாதவர். மகன் அணுபுரத்துக்கு வேன் ஓட்டுகிறான். கவர்மென்ட் காரைப் பார்த்ததும் பயப்படுவார் என்று நினைத்தேன். பயமாவது ஒன்றாவது!

"இன்னா பாய், ஊரையே கூட்டினு வந்துட்ட?" என்றார். பிறகு எங்களிடம் திரும்பினார். "பாருங்க, எப்படி படுத்துகினு கீது பாருங்க. தை பொறந்தா மல்லாட்ட வெதைக்கணும். நான் ஒரு கட்டைய தூக்கிப் போட்டா பேச்ச நான் முறிச்ச மாதிரி ஆயிடும். அவரு தூக்கனா அவரு வூட்ல ரகள. நடுவுல நெலம் சும்மா கெடக்குது."

வேர்க்கடலைக்குப் பருவம் தவறினால் அந்த வருடம் போனதுதான். அவருக்கு இருந்தது அந்த ஒரு துண்டு நிலம். எங்களுடைய உட்பிரிவு ஒன்று, இன்னும் சட்டமாகக்கூட ஆகாமல், வெறும் வரைவாகவே வந்து அதன்மேல் உட்கார்ந்திருந்தது. எழுதுகிற கைக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல இதைவிட எனக்கு வேறு உதாரணம் தெரியாது.

மேடம் உச்சுக்கொட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நேராக வேலைக்கு வந்தார். ஜப்பார் பாயை ரோட்டோரம் நிற்கச் சொல்லிவிட்டு வேதவல்லியம்மாவிடம் தனியாகக் கேட்டார். அவரை அனுப்பிவிட்டு பாயிடம் தனியாகக் கேட்டார். எந்த மரம், எந்த மூலை, யார் வெட்டினார், யார் இழுத்தார், பக்கத்து நிலத்தில் அன்று யார் இருந்தார். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என் வேஷத்துக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"ஏம்மா, எவனோ ஒருத்தன் ஆள் இல்லாத நேரத்துல உன் தோப்புல ஒரு மரத்த வெட்டிட்டு, 'மொத மரம் சாச்சிட்டேன், தோப்பு என்னுது'ன்னு வந்து நின்னா?" என்று கேட்டேன்.

வேதவல்லியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் இழுக்காத மரத்த வெட்னா அது திருட்டு சார். நாலு போடு போடுவேன்."

மேடம் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். "ரெண்டு கை பட்டாத்தான் முடியுது" என்றார். "ஒருத்தர் வெட்டணும், இன்னொருத்தர் இழுக்கணும். ஒருத்தர் மட்டும் செய்யவே முடியாது. கையெழுத்துல நாம கேக்கறதும் அதைத்தானே?"

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. அலுவலகத்தில் எங்களுக்கு மேலே இருந்த உயர் அதிகாரி. மறுநாள் காலை வரைவு, அதைப் பரிசீலிக்கும் குழுவின் முன் போகிறது, சாயங்காலத்துக்குள் இறுதி வடிவம் வேண்டும் என்றார். எதுவும் மாறவில்லையே என்று கேட்டார். குரல் எனக்கே கேட்டது.

"ஒரு பிரிவு மாறுது சார். பதினொண்ணு."

அந்தப் பக்கத்திலிருந்து மழை மாதிரி வார்த்தைகள். எல்லோரும் கைதட்டிய பிரிவு அது, சுத்தமான விதி, வழக்கம் கிழக்கம் என்று நுழைத்தால் வழக்குதான் பெருகும், கடைசி நாளில் இது என்ன விளையாட்டு? மேடம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். "அரை மணி நேரத்துல அனுப்பறேன் சார்" என்று சொல்லி வைத்தார்.

நான் அனுபவசாலி அல்லவா, உடனே ஒரு சுலப வழி சொன்னேன். "மேடம், பிரிவு அப்படியே இருக்கட்டும். பழைய பேச்சுக்கும் பொருந்தும்னு இருக்கற அந்த உட்பிரிவை மட்டும் எடுத்துடலாம். பாய் பிரச்சினை தீர்ந்துடும். மேலேயும் யாரும் கேக்க மாட்டாங்க." இப்போது நினைத்தாலும் அது கெட்டிக்கார யோசனைதான். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"அடுத்த புயலுக்கு?" என்றார் மேடம்.

விழுந்து கிடந்த மரங்களைக் கைகாட்டினார்.

"நான் இந்த பாய்க்காக மட்டும் எழுத வரல. இவங்க எழுத மாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. சட்டம் வந்த பிறகும் மரத்தைத்தான் வெட்டுவாங்க. அப்ப ஒவ்வொரு புயலுக்கும் ஒரு தம்பி வந்து நிப்பான். நான் ஏமாத்தறவனுக்குக் கதவடைக்கறேன்னு நினைச்சு அவனுக்குச் சாவி செஞ்சு கொடுத்திருக்கேன்."

அந்தப் பிரிவு அவருக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதற்காக வருடக்கணக்கில் அலைந்திருக்கிறார். அப்பாவின் வயலை நினைத்துக்கொண்டு எழுதியது அது. ஆனாலும் கார் பேனட்டின் மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார். கடல் காற்றில் தாள் பறக்காமல் ஒரு பக்கம் நானும் மறுபக்கம் வேதவல்லியம்மாவும் பிடித்துக்கொண்டோம்.

இப்படி வந்தது: ஒப்பந்தம் எழுத்தில் இருக்கலாம், அல்லது, பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக அந்த வட்டாரத் தொழில் வழக்கம் ஏற்கும் ஒரு செயலை, இரு தரப்பும் நேரில் சேர்ந்து செய்திருந்தால் அதுவும் எழுத்துக்குச் சமம். பழைய பேச்சுகளுக்கும் இது பொருந்தும்.

"ஏமாத்துக்காரனா படிங்க" என்றார். படித்தேன். 'சேர்ந்து' என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

"இப்ப ஜப்பார் பாயா படிங்க."

முப்பது வருட வேலையில் எனக்கு முதல் முறையாக அந்த வேஷம் கிடைத்தது. தப்பிக்கும் எண்ணமே இல்லாமல் ஒரு சட்ட வாக்கியத்தைப் படிப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லும் என்னைப் பிடித்து நிறுத்துகிறதா என்று தேடிக்கொண்டே போனேன். நிறுத்தியது. "மாட்டிக்கிட்டேன் மேடம்" என்றேன். அவர் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார்.

போனில் படம் பிடித்து அனுப்பினோம். உடனே அழைப்பு வந்தது. "உங்க பிரிவை நீங்களே வேண்டாம்னு சொல்றீங்களா? நாளைக்குக் குழுவுல கேட்டா யார் பதில் சொல்றது?"

"எழுதினது நான் சார். தப்பா எழுதினதும் நான்தான். குறிப்புல அப்படியே போட்டு அனுப்பறேன்."

சொன்னபடியே செய்தார். வரைவோடு போகும் விளக்கக் குறிப்பில், முந்தைய வடிவம் தன்னால் எழுதப்பட்டது என்றும், அது நாணயமாக நடக்க விரும்புகிறவரைக் கைவிட்டுவிடுகிறது என்று இன்று கண்டதால் மாற்றப்படுகிறது என்றும் தன் பெயரைப் போட்டு எழுதினார். நம் அலுவலகத்தில் குறிப்புகள் எப்படி எழுதப்படும் என்று உங்களுக்குப் போகப்போகத் தெரியும். 'கருதப்பட்டது', 'முடிவெடுக்கப்பட்டது' என்று எல்லாம் தானாகவே நடந்துவிடும். தப்பு நேர்ந்த இடத்தில் ஓர் ஆள் எழுந்து நின்றதை நான் அந்த ஒரு தாளில்தான் பார்த்தேன்.

மறுநாள் குழுவில் சும்மா விடுவார்களா? "நேத்து வரைக்கும் கையெழுத்து, இன்னிக்கு மரமா?" என்று ஒருவர் கேட்டார். மேடம் கோபப்படவில்லை. தோப்பில் பார்த்ததை வரிசையாகச் சொன்னார். இன்னொருவர், பக்கத்து நிலத்துக்காரர் போல ஒரு சாட்சியும் வேண்டும் என்று சேர்க்கச் சொன்னார். "என் வாக்கியத்தைவிட இது நல்லா இருக்கு" என்று மேடம் அங்கேயே சேர்த்துவிட்டார். எனக்கு ஆச்சரியமெல்லாம் இதில்தான். விட்டுக்கொடுக்கக் கூடாத இடத்தில் மலை மாதிரி நின்றவர், நல்ல யோசனை வந்ததும் ஒரு நொடியில் வழிவிட்டார். வாதத்தில் ஜெயிக்க வந்தவருக்கு இது வராது. அவரோ, பிரிவு ஜெயித்தால் போதும் என்று வந்திருந்தார்.

அதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். அடுத்த பெரிய மசோதாவுக்குக் குழு அமைத்தபோது அதில் அவர் பெயர் இல்லை. 'கடைசி நேரத்தில் மாற்றுகிறவர்' என்று பேராகிவிட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் என்னவோ, "நல்லது, கொஞ்ச நாள் நேரத்தோட வீட்டுக்குப் போலாம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இந்த நிமிடம் வரை நாங்கள் எழுதிய ஒப்பந்த மசோதா சட்டமாகவில்லை. அதை முன்னே நகர்த்துவது இனி உங்கள் பாடு. பதினோராம் பிரிவில் யாராவது கை வைக்க வந்தால் இந்தக் கிழவன் செங்கல்பட்டிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்துவிடுவான் என்று சொல்லிவையுங்கள்.

மாற்றிய வரைவை இணையத்தில் ஏற்றிய பிறகு வந்த சனிக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறிச் செய்யூர் போனேன். தோப்பில் லாரி நின்றது. விழுந்த மரங்களில் பெரும்பகுதி வெட்டி ஏற்றியாகிவிட்டது. ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் ஜப்பார் பாயின் ஜாடையில் இருந்தார்கள். முகம் மட்டும் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது. காலியான பக்கத்தில் வேதவல்லியம்மா டிராக்டர்காரரோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் சண்டை போடுவதைப் பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பாய் என்னை ரோட்டோர டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

"சட்டம் இன்னும் வரல பாய். வெறும் வரைவுதான்" என்றேன்.

"தெரியும் சார். ஆனா அவனுங்கதான மொதல்ல போன காட்டி சட்டம் சட்டம்னானுங்க? அதே போன நான் காட்னேன். வாய தெறக்கல."

"மாத்தாம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "எடுத்துத்தான் இருப்பேன் சார், பேசியாச்சே. ஆனா தம்பிங்க போயிருப்பானுங்க. டிப்போ ரெண்டாயிருக்கும், வூடு ரெண்டாயிருக்கும். நேத்துதான் ரொம்ப நாளைக்கப்பறம் மூணு பேரும் ஒரே சகன்ல ஒக்காந்து சோறு துன்னோம்." பெரிய தட்டில் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். "சோறு துன்னுகினே வைய்யறானுங்க சார், இன்னும் நிறுத்தல. ஆனா என்னிய இல்ல. சட்டத்ததான் வைய்யறானுங்க. எவன்டா அத எழுதனவன்னு கேக்கறானுங்க."

அங்கிருந்தே மேடத்துக்குப் போன் போட்டு, சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து அவரைத் திட்டுகிறார்கள் என்று சொன்னேன்.

"மூணு பேரும் ஒண்ணா உக்காந்தா?" என்று கேட்டார்.

"ஆமாம் மேடம்."

"நல்லாத் திட்டட்டும்" என்றார்.